ஆறு மில்லிமீட்டர்

போன மாதம் எங்கள் சின்னக் காரை வீல் அலைன்மென்ட்டுக்கு விட்டிருந்தோம். நாலு சக்கரத்திலும் ஏதோ தகடுகளை மாட்டினார்கள். எதிரே இருந்த கேமரா அவற்றைப் பார்த்தது. திரையில் சிவப்பாக நின்ற எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைக் காட்டாமலே காபி கொடுத்து அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

"அவ்ளோதானா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் இது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் விழுங்குகிற வேலையாக இருந்தது. டேப்பின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான், நடுவில் ஜீப். அந்த டேப்பை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியம் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒருவர் இப்போது இல்லை. அதனால் எழுதலாம் என்று தோன்றுகிறது.

என் கணவர் பெங்களூர் அல்சூர்க்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற குடும்பம். ஏசி மெக்கானிக். நான் திருப்பத்தூரிலிருந்து வேலைக்காக வந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஈஜிபுராவில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில் இருந்தேன். சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அதாவது அடுத்தவர் செய்ததில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குவது. கல்யாணமான பிறகு அந்தத் திறமை வீட்டிலும் வீணாகப் போகவில்லை.

வீட்டில் நாங்கள் இருவரும், அவருடைய அம்மாவும். அத்தைக்கு முழங்கால் வலி. நாலாவது ஆளாக ஜீப். வீட்டுக்குப் பக்கவாட்டில், அந்தக் காலத்தில் மாடு கட்டிய இடத்தில் தகரக் கூரை போட்டு, தரைக்கு சிமென்ட் பூசி, அதற்குத் தனி அறையே கொடுத்திருந்தார். எங்கள் படுக்கையறையைவிட அது பெரியது. இதை நான் பல முறை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

ஜீப் பழையது. அது பழையதாகவே இருந்திருந்தால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஒரு வருடம் அவருக்குக் காட்டு வழியில் ஓட்டுகிற பைத்தியம் பிடித்தது. சக்லேஷ்பூர் பக்கம் சேற்றிலும் பாறையிலும் வண்டியை விட்டுக் குதூகலிக்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்தார். திரும்பி வந்து ஜீப்பைத் தூக்கினார். வேறு ஸ்பிரிங் பட்டைகள் போட்டு, நாலு அங்குலம் உயர்த்தி, எருமைக் கால் மாதிரி பெரிய டயர்கள் மாட்டினார். அதன் பிறகு அத்தையால் அதில் ஏற முடியவில்லை. அவருக்கென்று ஒரு மர ஸ்டூல் செய்து கொடுத்தார். "பஸ்ல ஏறினா டிக்கெட்டு, இதுல ஏறினா ஸ்டூலு" என்பார் அத்தை.

உயர்த்திய வண்டி உயர்த்தின உடனே ஒழுங்காக ஓடாது என்பது எங்களுக்கு ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் தெரிந்தது. என் ஒன்றுவிட்ட அக்காவின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் நான், மடியில் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் பால் பாயசம். சாலையில் ஒரு சின்ன மேடு. அதில் ஏறி இறங்கியதும் முன் சக்கரங்கள் இரண்டும் ஆட ஆரம்பித்தன. ஆட்டம் என்றால் சாதாரண ஆட்டம் இல்லை. ஸ்டியரிங் அவர் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கதவு, கண்ணாடி, என் பல் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டன. பின்னால் லாரி ஹாரன் அலறியது. அவர் பதற்றப்படாமல் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினார். பாயசம் முழுவதும் என் பட்டுப்புடவையில் இருந்தது.

நான் அன்றைக்கு வாய்க்கு வந்தபடி திட்டினேன். புடவையைச் சொன்னேன், பாயசத்தைச் சொன்னேன், உறவுக்காரர்கள் முன்னால் மானம் போனதைச் சொன்னேன். அவர் வீட்டு ஆண்கள் எல்லோருமே இப்படித்தான் என்று பார்த்தறியாத அவருடைய தாத்தாவரை இழுத்தேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பயந்துபோனேன். அந்த லாரியின் முன்முகம் பக்கவாட்டுக் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு வாரம்வரை கண்ணை மூடினால் அதுதான் வந்தது. ஆபீஸ் பஸ்ஸில்கூடக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அத வித்துடுங்க. இல்லன்னா நான் அதுல இனிமே ஏறமாட்டேன்" என்றேன்.

அவர் யோசித்துவிட்டு ஓர் ஒப்பந்தம் பேசினார். "விஜயதசமி வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள நேரா ஓட வெக்கிறேன். கைய விட்டா கோடு போட்ட மாதிரி போகணும். போகலன்னா குடுத்துடறேன். எஸ்டேட்காரர் ரெண்டு தடவ கேட்டுட்டார்."

எஸ்டேட்காரர் என்பவர் அந்தச் சக்லேஷ்பூர் கூட்டத்தில் ஒருவர். காப்பித் தோட்டம் வைத்திருந்தார். தோட்டத்துக்குள் ஓட்ட வண்டி நேராகப் போக வேண்டிய அவசியம் இல்லை போலிருக்கிறது.

சரி என்றேன். மனதுக்குள், வண்டி போய்விட்டது என்று கணக்குப் போட்டேன்.

முதலில் அலைன்மென்ட் கடைகளுக்குத்தான் கொண்டுபோனார். ஒரு கடையில் அந்த டயர்கள் அவர்களுடைய மேடையில் ஏறவே இல்லை. இன்னொரு கடையில், "சார், இந்த வண்டி எங்க மிஷின் லிஸ்ட்லயே இல்ல" என்று கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டார். "மிஷின் இல்லாத காலத்துல ஜீப் ஓடலியா? நானே பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஜீப்புக்கு அடியில் கழிந்தன. உயர்த்தியதில் முன் அச்சு லேசாக முன்னால் சாய்ந்துவிட்டது என்றார். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இரண்டு இரும்புத் துண்டுகளை வைத்து அதைப் பின்னால் சாய்த்தார். தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றினார். ஆட்டம் நின்றது. ஆனால் வண்டி அலைந்தது. குடித்தவன் நடக்கிற மாதிரி ஒரு தடவை இடது பக்கம், ஒரு தடவை வலது பக்கம். கடைசியாக மிச்சம் இருந்தது இரண்டு முன் சக்கரங்களின் பார்வை.

அதை எனக்கு அவர் சமையலறையில் நின்று தன் பாதங்களை வைத்தே விளக்கினார். பாதங்களின் விரல் பக்கம் லேசாக உள்ளே பார்க்கிற மாதிரி நின்று, "இப்டி ஒரு நூலளவு உள்ள பாக்கணும். மூணு மில்லிமீட்டர். வெளிய பாத்தா வண்டி அலையும்" என்றார். இரண்டு சக்கரங்களையும் சேர்க்கிற ஒரு நீளக் குழாய் இருக்கிறது, டை ராடு. அதைத் திருகினால் நீளும், குறையும். அதற்கேற்ப சக்கரங்கள் திரும்பும். அவ்வளவுதான் விஷயம். பொரியல் கருகுகிற வாசனையில் பாடம் முடிந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு. ஏசி வேலையில் மிஞ்சிய இரண்டு அலுமினியச் சட்டங்களை ஒரே நீளத்துக்கு வெட்டி, இரண்டு முன் டயர்களின் வெளிப்பக்கத்திலும் கிடையாகச் சாத்தி, பழைய ட்யூப் ரப்பரால் கட்டினார். சட்டங்களின் முன் முனைகளுக்கு இடையே எவ்வளவு, பின் முனைகளுக்கு இடையே எவ்வளவு என்று டேப்பால் அளக்க வேண்டும். பின்பக்கம் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் சரி. இந்த வேலையைத் தனி ஆள் செய்ய முடியாது. வலது சக்கரத்துப் பக்கம் அவர் தரையில் படுத்து டேப்பின் கொக்கியைப் பிடித்துக்கொண்டார். இடது பக்கம் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எண்ணைப் படிக்க வேண்டும். நடுவில் எஞ்சின். அவர் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"முன்னாடி எவ்ளோ?"

"நூத்தி அம்பத்தெட்டு, ஆறு."

உண்மையைத்தான் சொன்னேன். டேப்பைப் பின்பக்கம் கொண்டுபோனோம். நூற்று ஐம்பத்தெட்டு, மூன்று. முன்னாலிருந்ததைவிட மூன்று மில்லிமீட்டர் குறைவு. சக்கரங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் தேடிக்கொண்டிருந்த வியாதி அதுதான். சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் சரிசெய்திருப்பார்.

"பின்னாடி?"

"நூத்தி அம்பத்தெட்டு, ஒம்போது" என்றேன்.

யோசித்துச் சொன்னேன் என்று சொன்னால் அது பொய். அதற்காக வாய் தவறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. சொல்லிய பிறகு திருத்த நேரம் இருந்தது. "இன்னொரு வாட்டி பாரு" என்றுகூடச் சொன்னார். இன்னொரு வாட்டி பார்த்தேன். மூன்றுதான் இருந்தது. ஒன்பது என்றேன்.

"அப்போ இது கரெக்டா தான்மா இருக்கு. வேற எங்கியோ தப்பு" என்றார். கொக்கியை விட்டார். டேப் சர்ரென்று சுருண்டு என் கைக்கு வந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அப்பளம் பொரித்தேன். எதற்கென்று அத்தைக்குப் புரியவில்லை.

திங்கள்கிழமை காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வண்டி அலைந்தது. வேலைக்குப் போகவில்லை. சக்கரங்களைக் கழற்றினார். பேரிங்கைப் பார்த்தார். வைத்த ஆப்பை எடுத்து மறுபடி வைத்தார். டயர்களை இடம் மாற்றினார். செவ்வாய்க்கிழமை ஸ்டியரிங் பெட்டியைத் திறந்தார். சாலை சரிவாக இருக்கிறதோ என்று நீலசந்திரா பக்கம் போய் வேறு சாலையில் ஓட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு எண்ணை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. மறுபடி அளக்கலாமா என்றுகூட ஒரு தரம் கேட்கவில்லை. அளந்தாகிவிட்டது, நான் பார்த்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நம்புகிற ஆளை ஏமாற்றுவதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் இல்லை.

புதன்கிழமை சாயந்திரம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நேத்து ஒரு வீட்டு ஏசிக்கு கேஸ் போட்டேன். போட்டுட்டு மூணு தடவ செக் பண்ணேன். பைப்ப டைட் பண்ணேனா இல்லியான்னே டவுட்டா இருக்கு. சொந்த வண்டியில தப்பு எங்கன்னு தெரியல, ஊரார் மிஷின்ல நான் எதுக்குக் கை வெக்கிறேன்?"

பிறகு எழுந்து போய் எஸ்டேட்காரருக்கு போன் செய்தார். விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அந்தப் பூஜைக்கு அத்தைதான் சட்டம். பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்பேனர்கள், பைப் ரிஞ்ச், கேஜ், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து அம்மன் படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிடும். ஸ்டீல் டேப்பும் கூட. என் லேப்டாப்புக்கும் ஒரு பொட்டு. அரிவாள்மனை, கத்தி, கத்தரிக்கோல்கூட அங்கேதான். மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை எதையும் தொடக் கூடாது. காய் நறுக்க முடியாது என்பதால் காலையிலேயே ராத்திரிக்கும் சேர்த்துச் சமைத்துவிடுவோம். ஒரு வருடம் நான் பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுக்கப் போய், அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கன்னட அம்மா வந்து எட்டிப் பார்த்தார். பாக்கெட்டைப் பல்லால் கடித்துத்தான் கிழித்தேன்.

அந்த வருடமும் ஜீப்பைக் கழுவினார். முகப்பில் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். பூசணிக்காய் உடைத்தார். எல்லாம் வழக்கப்படி. ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் நிதானமாகச் செய்தார். கடைசித் தடவை என்று அவருக்குத் தெரியும். சூடத் தட்டை ஜீப்புக்குக் காட்டியபோது அவர் கண் கலங்கியிருந்தது. புகை என்றார். அவ்வளவு புகை இல்லை.

சாப்பிட்டுவிட்டு, வேலை செய்கிற இடத்துப் பூஜைக்குப் பொரி கடலை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அத்தை கட்டிலில் சாய்ந்தார். நான் அம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, நெற்றியில் பொட்டோடு.

எடுத்தேன். பைப் ரிஞ்சையும் டேப்பையும் எடுத்தேன். திரும்பினால் வாசற்படியில் அத்தை.

"இன்னா பண்ற?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அளந்தது, மூன்றை ஒன்பது என்றது, லாரி, பயம், எல்லாம்.

அத்தை முழுவதையும் கேட்டார். "எத்தினி பொய் சொன்ன?"

"ஆறு மில்லிமீட்டர் அத்தை."

"அப்டின்னா எவ்ளோ?"

கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து இடைவெளியைக் காட்டினேன். அத்தை குனிந்து அதைப் பார்த்தார். "இத்தினியூண்டா? இதுக்கா எம்புள்ள நாலு நாளா சோறு துண்ணாம கெடக்குறான்?"

அடுத்து சாபம்தான் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அம்மன் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவ கிட்ட நான் சொல்லிக்கிறேன். பேஜாரு பண்ணிக்கமாட்டா. நீ ஆவுற வேலையப் பாரு. அந்த ஸ்டூல எடுத்தா, டேப்ப நான் புடிக்கிறேன்."

ஜீப்பின் உயரத்தை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதுதான் உதவியது. ஜாக்கி போடாமலே சுடிதாரோடு மல்லாந்து உள்ளே போக முடிந்தது. டை ராடின் இரண்டு முனையிலும் இருந்த கிளாம்ப் போல்ட்களைத் தளர்த்தினேன். பைப் ரிஞ்சைக் குழாயில் மாட்டித் திருகினேன். வெளியே வந்து சட்டங்களைக் கட்டினேன். வலது பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, முழங்கால் வலியோடு குனிந்து, அத்தை டேப்பின் கொக்கியைப் பிடித்தார். அளந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. தப்பான பக்கம் திருகியிருக்கிறேன்.

"ஆய்த்தா?" என்றார் அத்தை.

"இல்ல அத்தை. வேற பக்கம் திருகணும்."

"அதானே பாத்தேன். முதல் தடவையே உனக்கு வந்துட்டா எம்புள்ளைக்கு இன்னா மரியாத?"

மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. ஒவ்வொரு தடவையும் சக்கரங்கள் நிலைக்கு வர வண்டியை முன்னும் பின்னும் ஒரு முழம் உருட்ட வேண்டும். கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு நானும் அத்தையும் தோள் கொடுத்துத் தள்ளினோம். சாமந்தி மாலை அத்தையின் கழுத்தில் வந்து விழுந்தது. நாங்கள் இருவரும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் ஜீப்பின் மேலேயே சாய்ந்து நின்றோம். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அத்தையோடு அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இதை எழுதும்போது அந்த மாலையின் வாசனைகூட வருகிறது.

நாலாவது தடவை முன்னால் நூற்று ஐம்பத்தெட்டு, மூன்று. பின்னால் நூற்று ஐம்பத்தெட்டு, ஆறு. முதலில் இருந்த நிலையிலிருந்து கணக்குப் பார்த்தால் அந்தக் குழாயை அரைச் சுற்றுக்கும் குறைவாகத்தான் திருப்பியிருக்கிறேன். போல்ட்களை என் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். அத்தை ஸ்பேனரையும் ரிஞ்சையும் டேப்பையும் முந்தானையால் துடைத்து, புதிதாகச் சந்தனம் குங்குமம் வைத்து, அதே வரிசையில் அதே இடத்தில் வைத்தார். அம்மனிடம் என்ன சொன்னாரோ, உதடு அசைந்ததை மட்டும் பார்த்தேன்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்ததும் என் கணவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு, டீசல் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். அரை மணியில் வர வேண்டியவர் ஒன்றரை மணி நேரம் வரவில்லை. நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன்.

வந்தார். நேராகச் சமையலறைக்கு வந்து தன் கட்டைவிரலை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். விரலில் குங்குமம்.

"வண்டி நேரா ஓடுது. அடியில பூந்து பாத்தா, இது கிளாம்ப் போல்ட்ல இருந்துச்சு. நான் டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் தான் பொட்டு வெச்சேன். அடியில போயி யாரு வெச்சது?"

"நான்தான்" என்றேன். "பின்னாடி மூணு இருந்துச்சு. ஒம்போதுன்னு சொன்னேன்."

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது மிகவும் குறைவு. அன்றைக்கும் அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாலு நாளு நான் என் கையத் திட்டிட்டிருந்தேன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"எதுக்கு?" என்றார்.

"பயமா இருந்துச்சு. அந்த லாரி. கண்ணாடியில." என்றேன்.

விரலிலிருந்த குங்குமத்தைத் துடைத்தார். "புடவைன்னு சொன்ன. பாயசம்னு சொன்ன. எங்க தாத்தாவக்கூட சொன்ன. பயமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனே."

அவர் சொன்னது உண்மை. கொடுத்திருப்பார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் எஸ்டேட்காரர் வந்து நின்றார். அத்தை அவருக்குப் பொரியும் காபியும் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர் என்னைப் பார்த்தார். "இப்ப சொல்லு. குடுத்துடவா? நீ சொல்றதுதான்."

"ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க" என்றேன். "அதே ரோட்டுக்கு."

எஸ்டேட்காரரும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார், காபி டம்ளரோடு. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் பண்டிகை நாள் என்பதால் கூட்டம் குறைவு. அதே மேடு வந்தது. நான் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஏறி இறங்கியது. ஒன்றும் ஆடவில்லை. நேரான இடம் வந்ததும் அவர் ஸ்டியரிங்கிலிருந்து கைகளை எடுத்து இரண்டு அங்குலம் தள்ளிப் பிடித்தார். ஜீப் கோடு போட்ட மாதிரி போனது. என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கம்பியைப் பிடித்திருந்த கையை மடிக்குக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

பின்னாலிருந்து எஸ்டேட்காரர், "இஷ்டு சென்னாகி ஓடற வண்டிய யாருங்க குடுப்பாங்க?" என்று தன் பாணியில் கன்னடத்தையும் தமிழையும் கலந்தார். இவ்வளவு நன்றாக ஓடுகிற வண்டியை என்று அர்த்தம். விற்கவில்லை என்று இவர் சொன்னபோது, "பர்வாகில்லா" என்று காபியைக் குடித்து முடித்தார். பல வருடம் கழித்து, வண்டிக்கு வயதாகி, அத்தையும் போன பிறகு, கடைசியில் ஜீப் அவருடைய தோட்டத்துக்குத்தான் போனது. அது வேறு துக்கம்.

இவர் ஒரு வாரம் என்னோடு அளந்து பேசினார். பிறகு பழையபடி ஆனது. இருந்தாலும் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிறு வந்தபோது என்னைக் கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன். வேறு யாரையாவது வரச் சொல்வார். அல்லது என்னைக் கொக்கியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தானே எண்ணைப் பார்ப்பார். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். என் தொழிலே அதுதான்.

காபி குடித்துவிட்டு ஷெட்டுக்குப் போனார். சட்டங்களைக் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு குரல். "வாம்மா, அளக்கணும்."

போனேன். வலது பக்கம் அவர் படுத்தாகிவிட்டது. பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. டேப்பில் எண்ணைப் படிக்க வேண்டிய முனை ஜீப்புக்கு அடியில் என் பக்கம் வந்து எனக்காகத் தரையில் கிடந்தது. முன்பக்கம் படித்தேன், நூற்று ஐம்பத்தெட்டு, ஐந்து. பின்பக்கம் போனோம்.

"சொல்லு."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மறுபடி பார்த்தேன். மூன்றாம் தடவையும் பார்த்துவிட்டு, "நூத்தி அம்பத்தெட்டு, நாலு" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஸ்பேனர் போல்ட்டில் மாட்டுகிற சத்தம் கேட்டது.

எனக்குத் தாங்கவில்லை. "ஒரு தடவ இந்தப் பக்கம் வந்து பாத்துட்டுத் திருகுங்களேன்!" என்று கத்தினேன்.

"எதுக்கு?" என்றது ஜீப்புக்கு அடியிலிருந்து குரல். "அதான் நீ பாத்துட்டியே."